சேர்வராயன் மலையில் நெடுந்தூர ஓட்டம்: தடம் போட்டாச்சு, ஓட்டை இருந்தால் சொல்லுங்க

அடிவாரத்தான் | 6 ஜூலை 2025, இரவு 9.10

அடிவாரத்தில் காலை 5 மணிக்குத் தொடக்கம். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏற்காடு. மேலே 32 கி.மீ. லூப் ரோடு ஒரு சுற்று. மறுபடியும் அதே இருபது வளைவு இறங்கி அடிவாரத்திலேயே முடிவு. மொத்தம் 75 கி.மீ.க்குள். ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நேர வரம்பு 14 மணி நேரம்: ஏற 5, லூப் ரோட்டுக்கு 6, இறங்க 3. ஏற்றம்தான் ஆளைக் கொல்லும் என்பதால் அதற்குத் தாராளமாகக் கொடுத்திருக்கிறேன். இறங்க 3 போதும்தானே? ஈர்ப்பு விசை இலவசம்.

குப்பனூர் தடம் | 6 ஜூலை 2025, இரவு 10.35

இலவசம் இல்லை தலைவரே, கடன். வட்டியைத் தொடை கட்டும்.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். அடிவாரத்திலிருந்து மேலே சாலைத் தூரம் சுமார் 20 கி.மீ., ஏற்றம் ஆயிரம் மீட்டர் அளவில். சராசரிச் சரிவு 5 சதவீதம்தான். இந்தச் சரிவில் ஓடவே தெரியாத, ஆனால் விறுவிறுவென்று நடக்கத் தெரிந்த ஆள் மணிக்கு 5 கி.மீ. போவார். 4 மணி நேரத்தில் மேலே. நீங்கள் கொடுத்த 5 தேவைக்கு மேல்.

இப்போது இறக்கம். 20 கி.மீ.க்கு 3 மணி என்றால் கிலோமீட்டருக்கு 9 நிமிடம். காலையில் யார் வேண்டுமானாலும் செய்வார்கள். 52 கி.மீ. ஓடி முடித்தவர்களில் கடைசி முப்பது பேரால் முடியாது. ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்கி பிரேக் பிடிக்கிறது. தசை நார்கள் கிழிபடுவது இந்த வேலையில்தான். மூச்சு வாங்காது, இதயம் அமைதியாக இருக்கும், ஆனால் முட்டி மடங்கும்போது தாங்கப் பிடிமானம் இருக்காது. அந்த நிலையில் தார்ச்சாலை இறக்கத்தில் நடைதான், அதுவும் மணிக்கு 5. ஆக, கடைசி ஆளுக்கு ஏற 4, இறங்கவும் 4.

அடுத்தது வெயில். உயரம் ஆயிரம் மீட்டர் குறைந்தால் வெப்பம் 6, 7 டிகிரி கூடும். ஜனவரியிலும் சேலத்தில் மதியம் 30 டிகிரியைத் தாண்டும். மேலே சொகுசாக ஓடிவிட்டு, களைப்பின் உச்சத்தில், மத்தியானம் 2 மணிக்குமேல் சூட்டுக்குள் இறங்குகிறார்கள்.

மூன்றாவது, ஞாயிறு மாலை. சுற்றுலா வண்டிகளில் பெரும்பாலானவை 4 மணிக்குமேல் கீழே இறங்குவது அந்தச் சாலையில்தான். கொண்டை ஊசியில் பஸ் திரும்பும்போது எதிர்த்தடத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும். கால் தள்ளாடும் ஆளை அந்த வளைவின் உள்விளிம்பில் விடுவது சரியில்லை. உங்கள் வரம்பின்படி கடைசி ஆள் 7 மணிக்கு வருவார். ஜனவரியில் இங்கே சூரியன் மறைவது 6.10 வாக்கில்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இதில் டிரெயில், அதாவது மண் தடம், எங்கே? முக்காலும் தார்.

நாலு ரோடு | 7 ஜூலை 2025, காலை 6.20

அப்ப கீழேயே தொடங்கி மேலேயே முடிச்சுட்டா? இறங்குறதே வேணாம். பஸ்ல அனுப்பிடலாம்.

குப்பனூர் தடம் | 7 ஜூலை 2025, காலை 7.05

உடம்புக்கு நல்லது, ஏற்பாட்டுக்கு ஆகாது. துணிப்பை மேலே போக வேண்டும், ஆள் கீழே வர வேண்டும். 150 பேர் என்றால் மூன்று பஸ். அவை ஞாயிறு மாலை நெரிசலில் மாட்டும். பாதியில் விலகியவர்கள் எந்தப் பக்கம் போவது என்ற குழப்பம் வேறு. தொடங்கிய இடத்திலேயே முடிக்கும் தடத்துக்குப் பாதி வேலைதான்.

ஏற்காடு ஏரிக்கரையில் தொடங்கி அங்கேயே முடியட்டும். 50 கி.மீ. போதும். எட்டு வடிவம்: முதல் வட்டம் மலையின் இன்னொரு சாலை இருக்கும் குப்பனூர்ப் பக்கமாக இறங்கி ஏறுவது, இரண்டாவது சேர்வராயன் கோயில், நாகலூர்ப் பக்கம். குப்பனூர் வரை இறங்கவே வேண்டாம். கொட்டச்சேடு தாண்டி, ஏரியிலிருந்து 450, 500 மீ. இறங்கியதும் திரும்பிவிட வேண்டும். இறக்கம் காலையிலேயே முடிந்துவிடும், கால் புதிதாக இருக்கும்போது.

மலைக்காற்று | 7 ஜூலை 2025, இரவு 8.50

கூட்டியாச்சு. லூப் ரோட்டோடு சில எஸ்டேட் தடங்களையும் சேர்த்து மொபைலில் பதிந்ததில் 50 கி.மீ.க்கு 2,900 மீ. ஏற்றம் காட்டுகிறது. இதற்கு 12 மணி நேரம் கொடுக்க வேண்டாமா?

குப்பனூர் தடம் | 7 ஜூலை 2025, இரவு 9.40

2,900 இல்லை. ஏற்காட்டில் மேல்தளத்திலேயே சுற்றினால் அவ்வளவு வரவே வழியில்லை. 1,515 மீ. என்று பலகையில் இருக்கும் ஊருக்கும், 1,623 மீ.இல் இருக்கும் சேர்வராயன் கோயிலுக்கும் நடுவே எவ்வளவு ஏற முடியும்? ஏரி ஒரு குழியில் இருப்பதால் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். நிஜ ஏற்றம் முழுக்கக் குப்பனூர்ப் பக்கத்து 500 மீ.இல் இருந்தும், மேலே இருக்கும் சின்னச்சின்ன மேடு பள்ளங்களில் இருந்தும்தான் வர வேண்டும். என் கணக்கில் 1,700, 1,800.

மொபைல் ஏன் பொய் சொல்கிறது என்றால், மலைச் சரிவை வெட்டிப் போட்ட பாதையில் ஜிபிஎஸ் பக்கவாட்டில் 10 மீ. தவறுவது சாதாரணம். சில்வர் ஓக் மர நிழலில், பள்ளத்தில் இன்னும் மோசம். உயரத்தை வரைபடத் தரவிலிருந்து எடுக்கும் செயலியாக இருந்தால், 30 டிகிரிச் சரிவில் 10 மீ. பக்கவாட்டுப் பிழை என்பது 5.8 மீ. உயரப் பிழை. புள்ளி ஒரு தடவை மேட்டுப்பக்கம், அடுத்த தடவை பள்ளத்துப்பக்கம் விழும். சமதளத்தில் நடந்தவரை அது நாள் முழுக்க ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கும். அத்தனையும் கூட்டலில் சேரும்.

காற்றழுத்தமானி உள்ள வாட்ச் எடுங்கள். தொடங்கும் முன் தெரிந்த உயரத்துக்குச் சரிசெய்யுங்கள். அதே தடத்தை இரண்டு நாள் பதிந்து, இரண்டும் 5 சதவீதத்துக்குள் ஒத்துப்போகிறதா பாருங்கள். அழுத்தமானிக்கும் சிக்கல் உண்டு: மதியம் இடிமழை திரண்டால் அழுத்தம் மாறும், நின்ற இடத்திலேயே 20, 30 மீ. ஏறியதாகக் காட்டும்.

தூரத்தில் தலைகீழ்ப் பிழை. வளைந்து வளைந்து போகும் இடத்தில் ஜிபிஎஸ் மூலைகளை வெட்டிவிடும், தூரம் குறைவாகக் காட்டும். ஒருமுறையாவது அளவுச் சக்கரம் உருட்டிப் பாருங்கள்.

நாலு ரோடு | 8 ஜூலை 2025, காலை 6.00

அளவுச் சக்கரத்தை உருட்டிக்கிட்டு காப்பித் தோட்டத்துக்குள்ள போனா நிலம் எடுக்க வந்திருக்காங்கன்னு ஊரே கூடிடும் 😀

குப்பனூர் தடம் | 8 ஜூலை 2025, காலை 6.45

சிரிப்புக்குச் சொன்னாலும் அதுதான் முதல் வேலை. இந்த மலையில் தடம் மூன்று வகை நிலத்தில் போகும். பஞ்சாயத்து, நெடுஞ்சாலைத் தடம்: காவல்துறையிலும் உள்ளாட்சியிலும் எழுதிக் கொடுக்க வேண்டும். எஸ்டேட்: உரிமையாளரின் சம்மதம், எழுத்தில். மேலாளர் வாய்மொழியாகச் சொன்னது பந்தய நாளன்று பூட்டின கேட்டைத் திறக்காது. காப்புக்காடு: மாவட்ட வன அலுவலரின் எழுத்து அனுமதி இல்லாமல் ஓர் அடிகூட வைக்கக் கூடாது. 2018 மார்ச் 11 குரங்கணித் தீக்குப் பிறகு மலையேற்றத்துக்குத் தனி விதிகளே வந்துவிட்டன. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை தீக்காலம், அப்போது கேட்கவே வேண்டாம்.

தடத்தைப் பஞ்சாயத்து ரோட்டிலும் எஸ்டேட் வண்டித்தடத்திலும் மட்டும் அமைத்து, காப்புக்காட்டை முழுக்க விட்டுவிடுவதுதான் என் விருப்பம். காடு அழகுதான். ஆனால் ஒரு அனுமதி கடைசி வாரத்தில் நின்றுபோனால் மொத்தத் தடமும் போயிற்று.

மலையாளிப் பழங்குடி ஊர்களின் ஒத்தையடிப் பாதைகளை உபயோகித்தால் ஊர்ப் பெரியவர்களிடம் முதலில் போய்ப் பேசுங்கள். அது அவர்கள் தினம் தண்ணீருக்கும் பஸ்ஸுக்கும் போகும் வழி. 150 பேர் ஒரே நாளில் மிதித்தால் ஈர மண்ணில் வாய்க்கால் விழும்.

அடிவாரத்தான் | 8 ஜூலை 2025, இரவு 9.30

அடிவாரத்துத் தொடக்கத்தை விட்டாச்சு, மனசு கேக்கல ஆனாலும் விட்டாச்சு. பேரை மட்டும் மாத்த மாட்டேன். சரி, எந்த மாதம்? ஜனவரி ஏன் நல்லதுன்னு நான் யோசிச்சே போடல, குளிரா இருக்கும்னு போட்டேன்.

குப்பனூர் தடம் | 8 ஜூலை 2025, இரவு 10.20

யோசிக்காமல் போட்டாலும் சரியாகவே விழுந்திருக்கிறது. மே: கோடைவிழா, சேர்வராயன் கோயில் திருவிழா, ரோட்டில் நிற்கவே இடமிருக்காது. ஆகஸ்ட் முதல் அக்டோபர்: காலை பளிச்சென்று இருக்கும், 3 மணிக்கு இடி. மேல்தளத்தில் மொட்டையான மேடுகள் உண்டு, மின்னலுக்கு ஒதுங்க இடமில்லை. நவம்பர், டிசம்பர் தொடக்கம்: புயல். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெங்கல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது. ஆள் மேலே மாட்டினால் இறக்கக் குப்பனூர் வழி ஒன்றுதான். அதுவும் நம் தடமாக இருந்தால்?

பொங்கல் கூட்டம் கலைந்தபின் ஜனவரிக் கடைசி ஞாயிறு. காப்பிப் பழம் பறிப்பு அப்போதும் நடக்கும், ஆனால் ஞாயிறு தோட்டங்களில் ஆள் குறைவு. பழ மூட்டை ஏற்றும் டிராக்டர் வரும் நாளா என்று மேலாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், ஒரு டிராக்டர் வந்தாலே வண்டித்தடம் அடைத்துவிடும்.

மலைக்காற்று | 9 ஜூலை 2025, காலை 5.55

ஜனவரியில் பகலே 11 மணி நேரச் சொச்சம். அதனால் 4 மணிக்கே தொடங்கி ஹெட்லைட்டில் ஓடட்டும். வெயிலும் மிச்சம்.

குப்பனூர் தடம் | 9 ஜூலை 2025, காலை 6.30

காட்டெருமை இருக்கும் மலை. எஸ்டேட்டுக்குள் மேய்ந்துவிட்டு விடியும் முன் தடத்தில்தான் நிற்கும். கூட்டத்தைவிடத் தனிக் கடா ஆபத்து. பனிமூட்டத்தில் ஹெட்லைட் வெளிச்சம் வெள்ளைச் சுவராகத் திரும்பி வரும், பத்தடிக்கு அப்பால் தெரியாது. கரடியும் உண்டு. எனவே வெளிச்சம் வந்தபின்தான் தொடக்கம்.

ஜனவரிக் கடைசியில் சூரிய உதயம் 6.40 வாக்கில். 6.30க்குத் தொடங்கினால் ஹெட்லைட் தேவைப்படாத அளவு வெளிச்சம் இருக்கும். முடிவு மாலை 6 மணி. ஆக 11 மணி 30 நிமிடம்தான் கையில். தடத்தை இந்தக் கட்டத்துக்குள் அடக்க வேண்டும். கட்டத்தை இழுக்க முடியாது.

காட்டெருமை எதிரே நின்றால்: ஓட்டத்தை நிறுத்து, கத்தாதே, கல்லெறியாதே, பார்த்துக்கொண்டே பின்னால் நகர். கூட்டத்துக்கு நடுவே புகுந்து போகாதே. ஐந்து நிமிடம் போனால் போகட்டும், அந்த நேரத்தைத் தண்ணீர் பாயின்ட்டில் சொன்னால் கழித்துக்கொடுப்போம் என்று விதியிலேயே எழுதிவிடுங்கள். நேரம் போகிறதே என்ற பதற்றத்தில்தான் ஆள் பக்கத்தில் புகுந்து ஓடுவார். இயர்போனுக்குத் தடை.

குப்பனூர் தடம் | 9 ஜூலை 2025, இரவு 10.15

7ஆம் தேதி நான் எழுதியதையே திருத்துகிறேன். முதலில் இறங்குவது என்றேன். தப்பு. முழுத் தப்பு இல்லை, வரிசை தப்பு.

150 பேரும் புதுக் காலோடு முதல் கிலோமீட்டரிலேயே இறக்கத்தில் விழுந்தால் முன்னால் ஓடுபவனைப் பார்த்து எல்லாரும் கால் நீட்டி ஓடுவார்கள். தொடையைக் கிழிப்பது இறக்கத்தின் நீளம் மட்டுமல்ல, வேகமும் எட்டு வைக்கும் நீளமும்தான். கூட்டமாக இறங்கும்போது முன்னால் இருப்பவர் கால் எங்கே வைக்கிறார் என்றே தெரியாது. காலை ஈரத்தில் சில்வர் ஓக் சருகு கல்லை மூடிக்கிடக்கும். மேலே காய்ந்த மாதிரி, அடியில் வழுக்கும். முதல் அரை மணியிலேயே கணுக்கால் போகும்.

எனவே இப்படி:

முதலில் ஏரிக்கரையிலிருந்து சேர்வராயன் கோயில் அடிவரை போய்த் திரும்புவது, 12 கி.மீ. ஏற்றம் மிதமானது. கூட்டம் இழுபட்டு நீளமாகிவிடும். பிறகு குப்பனூர்ப் பக்கம் 12 கி.மீ. இறக்கம், அதே அளவு ஏற்றம். கடைசி 14 கி.மீ. நாகலூர்ப் பக்கம் மேல்தளத்திலேயே.

கட்-ஆஃப் நேரங்கள்: கோயில் போய் ஏரிக்குத் திரும்ப 8.45. கீழ்த் திருப்பம் 11.00. மறுபடி மேலே 2.15. முடிவு 6.00. மேலே வந்து சேர 3 மணி 15 நிமிடம் கொடுத்திருக்கிறேன், அது வெயிலில் ஏறும் பகுதி. கீழ்த் திருப்பத்தில் 11 என்பது கறார். அங்கே 11.05க்கு வந்தவரை அழுதாலும் விடக் கூடாது. விட்டால் அவர் உச்சி வெயிலில் 500 மீ. ஏறுவார், கடைசி ஆளுக்குப் பின்னாலேயே வரும் தன்னார்வலரான ஸ்வீப்பரும் சேர்ந்து காய்வார். மேலே நிறுத்துவதைவிடக் கீழே நிறுத்துவது நல்லது, அங்கே வண்டி வரும்.

கோயில் மேடு ஊர் மக்கள் கும்பிடும் இடம். வாசலில் தண்ணீர் மேசை, ஒலிபெருக்கி, கயிறு கட்டுவது எதுவும் வேண்டாம். தடம் அடியிலேயே திரும்பட்டும்.

மலைக்காற்று | 10 ஜூலை 2025, இரவு 8.10

கிலோமீட்டர்-எஃபர்ட் கணக்கு போட்டால் 50 + 18 = 68. 11.5 மணிக்கு வகுத்தால் மணிக்கு 5.9. சர்வதேசப் பந்தயங்களோடு ஒப்பிட்டால் தாராளமான வரம்பு. இன்னும் இறுக்கலாமே?

குப்பனூர் தடம் | 10 ஜூலை 2025, இரவு 9.25

அந்தக் கணக்கில் 100 மீ. ஏற்றத்தை ஒரு கி.மீ.யாக எடுக்கிறார்கள். இறக்கத்துக்கு? பூஜ்யம். இங்கே முதல் நாளிலிருந்து நாம் சண்டை போடுவதே அந்தப் பூஜ்யத்தோடுதான்.

1892இல் நைஸ்மித் சொன்ன மலைநடை விதியும் அதே மாதிரி: மணிக்கு 3 மைல், 2,000 அடி ஏற்றத்துக்கு இன்னொரு மணி. இறக்கம் கணக்கிலேயே இல்லை. பின்னால் வந்த லாங்முயர் திருத்தினார். 5 முதல் 12 டிகிரி வரையிலான மென்சரிவில் 300 மீ. இறக்கத்துக்கு 10 நிமிடம் கழிக்கலாம். 12 டிகிரிக்கு மேல் போனால் 300 மீ.க்கு 10 நிமிடம் கூட்ட வேண்டும். 12 டிகிரி என்பது 21 சதவீதச் சரிவு. எஸ்டேட் குறுக்குப் பாதைகளில் இது சர்வசாதாரணம். ஆக, அதே 300 மீ. உயரத்தைத் தார்ச்சாலையில் இறங்குவதா, குறுக்குப் பாதையில் இறங்குவதா என்பதில் கணக்கே தலைகீழாகிறது. இவை நடப்பவர்களுக்கான விதிகள்தான், ஆனால் நம் கடைசி முப்பது பேர் அந்த நேரத்தில் நடப்பவர்கள்தானே.

முதல் முறை நடத்தும்போது வரம்பை இறுக்காதீர்கள்.

நாலு ரோடு | 11 ஜூலை 2025, காலை 6.10

கிளியூர் அருவியையும் சேர்த்தா போட்டோ நல்லா வருமே?

குப்பனூர் தடம் | 11 ஜூலை 2025, காலை 6.25

போட்டோவுக்கு முந்தின நாள் போங்கள். செங்குத்தான இறக்கம், ஒரே வழி, போன வழியே திரும்ப வேண்டும். இறங்குபவரும் ஏறுபவரும் மோதுவார்கள். ஞாயிறு சுற்றுலாக் கூட்டம் வேறு. பகோடா பாயின்ட்டும் இதே காரணத்துக்காக வேண்டாம், கூடவே குரங்கு. வாழைப்பழத் தட்டோடு தண்ணீர் பாயின்ட் போட்டால் முதல் ஓட்டக்காரர் வருமுன் தட்டு காலி.

அடிவாரத்தான் | 11 ஜூலை 2025, இரவு 9.00

அடையாளம் எப்படி? கோலமாவால் அம்பு போடலாம்னு இருக்கேன்.

குப்பனூர் தடம் | 11 ஜூலை 2025, இரவு 10.10

தரையில் போடும் அம்பு முதல் பனித்துளிக்கே கலையும், இருபது பேர் மிதித்தால் போயே போச்சு. அதைத் துணை அடையாளமாக மட்டும் வையுங்கள். முக்கிய அடையாளம் துணி ரிப்பன், கண் மட்டத்தில்.

நிறம்தான் சிக்கல். சிவப்பு: காப்பிப் பழ நிறம், பழுத்த செடி நடுவே தெரியாது. மஞ்சள், சிவப்புத் துணிகளைச் சாமி மரங்களில் வேண்டுதலுக்குக் கட்டியிருப்பார்கள். நம் ரிப்பன் என்று நினைத்து ஆள் அங்கே போவார், மோசமாகப் போனால் நம் ஆட்கள் திரும்ப அவிழ்க்கும்போது வேண்டுதல் துணியையும் அவிழ்ப்பார்கள். பச்சை கேட்கவே வேண்டாம். கறுப்பு சிவப்பு சேர்த்துக் கட்டினால் தேர்தல் வேலை என்பார்கள். பளிச் ரோஸ் நிறம் அல்லது நீலம். நான் ரோஸுக்கு ஓட்டு போடுகிறேன்.

நேர்ப்பாதையில் 100 மீ.க்கு ஒன்று. திருப்பத்துக்கு முன்னால் இரண்டு, திருப்பத்தில் மூன்று சேர்த்து. திரும்பிய பிறகு 50 மீ.க்குள் ஒன்று கட்டாயம், அதுதான் 'சரியான வழிதான்' என்று உறுதி தருவது. பிழையான கிளைப்பாதையின் வாயில் கோலமாவால் பெருக்கல் குறி. காப்பித் தோட்டத்துக்குள் பறிப்பவர்கள் நடக்கும் தடங்கள் கைரேகை மாதிரி இருக்கும், எல்லாம் பாதை போலவே தெரியும். அங்கே இடைவெளியை 40 மீ.க்குக் குறையுங்கள்.

முந்தின நாள் மதியத்துக்குப் பிறகு கட்டுங்கள். இரண்டு நாள் முன்னால் கட்டினால் ஆடு மாடு மென்றுவிடும், குழந்தைகள் தலையில் கட்டிக்கொள்வார்கள் (ரோஸ் நிறம் வேறு!). காலையில் முதல் ஓட்டக்காரருக்கு ஒரு மணி நேரம் முன்னால் ஒருவர் பைக்கில் சரிபார்க்க வேண்டும். கடைசி ஸ்வீப்பர் அவிழ்த்துக்கொண்டே வர வேண்டும். ஓர் ஆளால் முடியாது, இரண்டு பேர், பெரிய சாக்குப்பை.

மலைக்காற்று | 12 ஜூலை 2025, மதியம் 1.30

உப்புக்கு ஓஆர்எஸ் பாக்கெட் மொத்தமாக வாங்கலாம். ஒரு பாட்டிலுக்கு ஒரு பாக்கெட்.

குப்பனூர் தடம் | 12 ஜூலை 2025, மதியம் 2.05

பாட்டில் எத்தனை மில்லி? ஓட்டக்காரர்களின் பாட்டில் பெரும்பாலும் 500. உலக சுகாதார நிறுவனக் கலவைப் பாக்கெட் ஒரு லிட்டருக்கு: உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, டிரைசோடியம் சிட்ரேட் 2.9, பொட்டாசியம் குளோரைடு 1.5. மொத்தம் 20.5 கிராம். அரை லிட்டரில் கலந்தால் இரட்டிப்பு அடர்த்தி. குடித்ததும் குமட்டும், வாந்தி வரும், அதனால் இன்னும் நீர் இழப்பு. பாக்கெட் பின்னால் இருக்கும் அளவைப் பார்த்து, பெரிய டிரம்மில் தன்னார்வலர்களே கலந்து வையுங்கள். 20 லிட்டர் கேனுக்கு 20 பாக்கெட்.

அது உணவும் இல்லை. லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான். ஓடும் உடம்பு மணிக்கு 40 முதல் 60 கிராம் மாவுச்சத்து கேட்கும்.

வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் ஆபத்து. இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். விரல் வீக்கம், மோதிரம் இறுகுவது, தலைவலி, குழப்பமான பேச்சு. இதைப் பார்த்து நீர் வற்றிவிட்டது என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுத்தால் நிலை மோசமாகும். தன்னார்வலருக்கு ஒரு வரி சொல்லிக் கொடுங்கள்: வீங்கியிருந்தால் தண்ணீர் கொடுக்காதே, மருத்துவரைக் கூப்பிடு.

நாலு ரோடு | 12 ஜூலை 2025, இரவு 7.45

சேலத்துல நடக்குது, தட்டுவடை செட் இல்லாம எப்படி?

குப்பனூர் தடம் | 12 ஜூலை 2025, இரவு 8.30

முடிவுக் கோட்டில் தாராளமாக. நடுவில் வேண்டாம், வாய் காய்ந்த ஆளுக்குத் தட்டுவடை தொண்டையில் நிற்கும். அதில் வைக்கும் பீட்ரூட் துருவலை வாந்தி எடுத்தால் மருத்துவருக்கு ரத்த வாந்தியா என்று சந்தேகம் வரும்.

சேலத்துச் சரக்கு வேண்டுமென்றால் ஜவ்வரிசி. கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்து, நார் இல்லை, கொழுப்பு இல்லை. ஓடும் வயிற்றுக்கு அதுதான் வேண்டும். நைலான் ஜவ்வரிசி மணி மணியாக நிற்கும், கஞ்சிக்கு மாவு ஜவ்வரிசி. அரை மணி ஊறவைத்து, ஒன்றுக்குப் பத்து தண்ணீர். 200 மி.லி. டம்ளருக்கு 20 கிராம் ஜவ்வரிசி, 10 கிராம் வெல்லம், ஒரு சிட்டிகை உப்பு. டம்ளருக்கு 27 கிராம் அளவில் மாவுச்சத்து கிடைக்கும், இரண்டு டம்ளர் குடித்தால் ஒரு மணி நேரத்துக்கு ஆயிற்று. 150 பேருக்குத் தலைக்கு இரண்டு என்றால் 6 கிலோ ஜவ்வரிசி, 3 கிலோ வெல்லம், 60 லிட்டர் தண்ணீர்.

எங்கே கெடும் என்றால், ஆறினால். ஏற்காட்டுக் குளிரில் அரை மணியில் பசையாகிவிடும், ஒரு மணியில் கரண்டி நிற்கும். சூடு தாங்கும் டிரம்மில் வைத்து, பக்கத்தில் வெந்நீர் பிளாஸ்க். கெட்டியானால் வெந்நீர் ஊற்றிக் கலக்கு, பச்சைத் தண்ணீர் ஊற்றினால் கட்டி கட்டியாக நிற்கும்.

டம்ளர் விஷயம்: ஒருமுறை உபயோகிக்கும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. ஓட்டக்காரரே மடக்கும் கப் கொண்டுவரட்டும், பதிவிலேயே சொல்லிவிடுங்கள்.

அடிவாரத்தான் | 13 ஜூலை 2025, காலை 9.00

கட்டாயப் பொருள் பட்டியல்ல ஜாக்கெட் போட்டா நம்மூர்ல சிரிப்பாங்களா?

குப்பனூர் தடம் | 13 ஜூலை 2025, காலை 9.50

சிரிக்கட்டும். 2021 மே 22 அன்று சீனாவின் கான்சுவில் 100 கி.மீ. மலை ஓட்டத்தில் ஆலங்கட்டி மழையும் காற்றும் அடித்து 21 பேர் குளிரில் இறந்தார்கள். ஏற்காடு அந்த அளவு இல்லை. ஆனால் கோயில் மேட்டில் காலை 7.30க்கு வியர்த்த பனியனோடு காற்றில் நின்றால் பல் அடிக்கும், கணுக்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டால் ஆள் வருமுன் நடுங்க ஆரம்பித்துவிடுவார். கையளவு மடங்கும் காற்றுத்தடுப்பு ஜாக்கெட் போதும். கூடவே விசில், 10 செ.மீ. கிரேப் பேண்டேஜ், ஒரு லிட்டர் தண்ணீர் கொள்ளளவு, சார்ஜ் உள்ள மொபைல், சின்ன ஹெட்லைட் (மாலை 5.30க்குப் பிறகு சில்வர் ஓக் அடியில் இருட்டு).

மொபைலை மட்டும் நம்பக் கூடாது, பள்ளங்களில் சிக்னல் விழும். ஒவ்வொரு பாயின்ட்டிலும் காகிதத்தில் 1 முதல் 150 வரை அச்சிட்ட தாள், கடந்தவரை அடித்துவிட வேண்டும். பாயின்ட் மூடும்போது அடிக்காத எண்கள் அடுத்த பாயின்ட்டுக்கும் முந்தைய பாயின்ட்டுக்கும் போக வேண்டும். சிக்னல் இல்லாத இடத்துக்கு ஒரு பைக்.

அடிவாரத்தான் | 14 ஜூலை 2025, இரவு 9.15

கீழ்த் திருப்பத்துக்கு 13 கேன் தண்ணீர் எழுதி வச்சிருக்கேன். ஆளுக்குக் குடிக்க 1.2 லிட்டர், தலையில ஊத்த அரை லிட்டர். 150 பேருக்கு 255 லிட்டர். சரியா?

குப்பனூர் தடம் | 14 ஜூலை 2025, இரவு 9.40

மற்ற பாயின்ட்டுகளுக்குச் சரி. கீழ்த் திருப்பத்துக்குப் போதாது. அங்கே ஆள் குடிப்பது மட்டுமில்லை, 3 மணி நேர ஏற்றத்துக்கு நிரப்பிக்கொண்டும் போவார். நின்று குடிப்பது 400 மி.லி., நிரப்புவது ஒன்றரை லிட்டர், தலைக்கு அரை. ஆளுக்கு 2.4, மொத்தம் 360 லிட்டர், 18 கேன். உபரியாக 3. வேனைக் காலை 7 மணிக்குள் கீழே அனுப்பிவிடுங்கள், அதற்குப் பிறகு இறங்கினால் ஓட்டக்காரர்களுக்குப் பின்னால்தான் ஊர்ந்து வரும்.

கட்டாயப் பொருளில் ஒரு லிட்டர் என்று எழுதியிருந்தேன். இந்தப் பகுதிக்கு ஒன்றரை என்று மாற்றிக்கொள்ளுங்கள்.